மேலே ரோடு, கீழே ரோடு

ஹட்டனில் நிஸ்தார் கடையில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
நண்டு மாதிரி ஒரு பிடி.
போனை வைத்து அமுக்கினால்
நாலு மூலையிலும் கவ்விக்கொள்ளும்.
"குதிரை மேல கட்டினாலும் விழாது" என்றார்.
நோர்வூட் தாண்டுமுன் விழுந்தது.

பிழை நண்டில் இல்லை.
என் ஹேண்டில் குழாய் மெலிசு.
பழைய ட்யூபில் விரலகலம் வெட்டி
இரண்டு சுற்றுச் சுற்றி
அலன் சாவியால் இறுக்கினேன்.
இடப்பக்கம் வைத்தால் கிளச் வயர் முட்டுகிறது.
வலப்பக்கம் பிரேக் எண்ணெய்க் குப்பி.
நடுவில் வைத்தேன், மீட்டர் மறைந்தது.
போகட்டும். அது மூன்று வருடமாய்
நாற்பதிலேயே நிற்கிறது,
நான் நிற்கும்போதும்.

இனி வழி கேட்க வேண்டாம் என்று நினைத்தேன்.
கொழுந்து மடுவத்துப் பக்கம் நிறுத்தி, ஹெல்மெட் கழற்றி,
யார் வீட்டுக்கு, என்ன சாமான், என்ன விலை
என்ற மூன்றுக்கும் பதில் சொல்லி
வழி வாங்க வேண்டாம்.
காசில்லாமல் ஒரு பெண்குரல் சொல்கிறது:
"இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."
இடதுபுறம் தேயிலை. அதற்குக் கீழே தேயிலை.
அதற்கும் கீழே
ஒரு முடக்குச் சுற்றி நான் ஏறிவந்த அதே ரோடு.

அப்புறம்தான் விளங்கியது.
வானத்திலிருந்து பார்க்கிறவளுக்கு
ஏற்றம் தெரியாது.
மேல் ரோடும் கீழ் ரோடும் அவளுக்கு
பாயில் அடுத்தடுத்த இரண்டு கோரை.
நான் மேலே, முதல் கியரில், இன்ஜின் இரைக்க.
என் நீலப் புள்ளி கீழே
சுகமாய் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மழை வந்தால் இன்னும் மோசம்.
தாளுறை போட்டும் ஓரத்தில் ஒழுகும்.
விரலும் துளியும் அதற்கு ஒன்றுதான்.
பொகவந்தலாவையில் ஒரு சாயங்காலம்
மழை தட்டித் தட்டி
நான் போகுமிடத்தை மாத்தறை என்று மாற்றிவிட்டது.
ஏழு மணி நேரமாம்.
வழியில் நெரிசல் இல்லையாம்.

குலுக்கலில் கேமராவும் கெட்டது.
எதைப் பிடித்தாலும் பனிக்குள் பிடித்த மாதிரி.
பார்சல் கொடுத்த அத்தாட்சிக்குப் படம் அனுப்பினால்
கம்பனியில் கேட்கிறார்கள்,
இது ஆளா மரமா?

நேற்றுக் கடைசிப் பார்சல். யோகமலர்,
மேற்கணக்கு, பதினோராம் லயம், நாலாம் காம்பரா.
"நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."
எதிரே தோட்டத்து ஆபீஸ். பூட்டு.
தோட்டம் முழுவதற்கும் அந்த ஒரு புள்ளிதான்,
கடிதங்கள் வந்து கிடக்கும் அதே இடம்.
இருநூற்றுச் சொச்சம் குடும்பத்தை
ஒரே ஊசியில் குத்தி வைத்திருந்தது.

அழைத்தேன்.
"பிரட்டுக்களம் தாண்டுங்க. கோயில் வரும், அங்கன திரும்பாதீங்க.
கானு ஒடஞ்ச எடத்துல நின்னு மேல பாருங்க,
லைட்டு ஆட்டுறேன்."
பார்த்தேன். ஆடியது.

சப்பாத்து. வெள்ளை. ஆறாம் நம்பர்.
வாசலிலேயே போட்டு நாலடி நடந்து பார்த்தாள்.
திங்கட்கிழமை நர்ஸ் ட்ரெயினிங், கண்டியில்.
பிறகு என் ஹேண்டிலை எட்டிப் பார்த்து,
"இதுல எங்க வீடு இருக்கா?"

விரித்தேன். இன்னும் விரித்தேன்.
பச்சைக்குள் ஸ்டேப்ளர் கம்பிகளாய்ச் சாம்பல் கோடுகள்.
விரல் வைத்து எட்டு லயம் வரை எண்ணினாள்.
அதற்கு மேல் படத்தில் மேகம்.
"பரவால்ல, மேகத்து மேலயே ஒரு புள்ளி வைங்க."
வைத்தேன். பெயர் கேட்டது.
வகை கேட்டது: உணவகமா, விடுதியா, வழிபாட்டு இடமா?
யோசித்துக்கொண்டே நின்றாள்.
அதற்குள் பற்றரி நாலு வீதம், மூன்று.

இறங்கும்போது இருட்டு. குரலும் இல்லை.
உடைந்த கானில் பைக் குதித்தது.
நண்டு விடவில்லை.
கல்லொன்று மட்டும் தெறித்து வந்தது.

காலையில் சார்ஜ் ஏற்றித் திறந்தால்
அதே தோட்டம் விரிந்து கிடக்கிறது.
கண்ணாடியில் ஒரு கீறல்:
ஆபீஸிலிருந்து புறப்பட்டு, பிரட்டுக்களம் தாண்டி,
கோயில் பக்கம் திரும்பாமல்
மேகத்துக்குள் போகிறது.

நிஸ்தாரிடம் காட்டினேன்.
மாற்ற ஏழாயிரம் என்றார்.
இருக்கட்டும் என்றேன்.