பதினாறாம் மாடி, கிழக்குப் பார்த்தது

பதினொரு வருசமாய் இந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான்
பஸ் ஓட்டினேன்.
டொன் மில்ஸ் வீதியில் சிவப்பு விழுந்தால் தொண்ணூறு செக்கன்.
அதற்குள் பதினெட்டு மாடியும் எண்ணலாம்,
எந்தப் பல்கனியில் சைக்கிள் தொங்குகிறது,
எதில் யாரோ போர்வை உதறுகிறார்கள் என்றும் பார்க்கலாம்.
வாங்குவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.
பச்சை விழும். போய்விடுவேன்.

அப்போது நாங்கள் ஆறு பேர் ஒரு பேஸ்மெண்டில்.
இவர், நான், மகள், மகன்,
தங்கச்சி வதனி, அவளுடைய அபிரன்.
மெத்தைக்கு அட்டவணை இருந்தது:
ஒருவர் இரவு வேலைக்குப் போனால்தான்
மற்றவருக்குக் கால் நீட்ட இடம்.

ஆறு பேருக்கு என்றதும்
புரோக்கர் ஜெயசீலன் பேனையை மூடிவிட்டார்.
"அக்கா, இப்ப புதுசாய்க் கட்டுறதெல்லாம்
ஒற்றை ஆளுக்கும் ஒரு பூனைக்கும்தான்."

ஏழு ஞாயிற்றுக்கிழமை.
ஒன்றில் சமையலறை நடைக்குள்ளேயே நின்றது.
ஒன்றில், டென் என்று காட்டிய இடத்தில்
நான் கையை விரித்தேன்;
இரண்டு பக்கமும் சுவர் தொட்டது.
ஒன்று எல்லோருக்கும் பிடித்தது.
இருபத்துமூன்று பேர் விலை போட்டதில்
நாங்கள் பதினெட்டாவதாம்.
அதை அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

"பழைய கட்டடம் ஒன்று இருக்கு.
எழுபத்துமூன்றில் கட்டினது. அறையள் பெரிசு.
மாதாமாதம் கட்டுற காசும் பெரிசு."
விலாசத்தைப் பார்த்தேன்.
சிரிப்பு வந்தது. காரணம் சொல்லவில்லை.

விற்கிறவர் மிஸஸ் கோவாச், ஹங்கேரிக்காரி.
சப்பாத்தோடு வாருங்கள் என்றார்.
நாங்கள் கழற்றினோம். வாசலில் ஆறு சோடி.
அவர் எங்களை விட்டுவிட்டு
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் டேப்பை இழுத்தேன்.
அபிரன் மறுமுனையைப் பிடித்தபடி
நடந்தான், நடந்தான்.
டேப் முடிந்துவிட்டது.
சுவர் இன்னும் வரவில்லை.

வக்கீல் கட்டடத்தின் கடதாசியெல்லாம் வாசித்துவிட்டு
ஃபோன் எடுத்தாள்:
வருகிற வருசம் ஜன்னல் முழுக்க மாற்றப்போகிறார்கள்,
வீட்டுக்கு இருபத்தெட்டாயிரம்.
அன்றிரவு பேஸ்மெண்டில் பெரிய சண்டை.
இவர் வேண்டாம் என்றார்.
நான் வேண்டும் என்றேன், பிறகு வேண்டாம் என்றேன்,
பிறகு சோற்றை மூடிவிட்டுப் படுத்தேன்.
விடியப்புறம் வதனி வந்து தலைமாட்டில் குந்தினாள்.
பிரிந்துபோனவனிடம்
நாலு வருசம் கோர்ட் ஏறி வாங்கிய காசு,
தொடமாட்டேன் என்று வைத்திருந்தாள்.
"எடு அக்கா.
அவன்ரை காசிலை எங்களுக்குக் காத்தாவது வரட்டும்."

கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஐம்பது.
கடன் முடியும்போது எழுபத்தைந்து.
வங்கிக்காரப் பிள்ளை எழும்பி நின்று
வாழ்த்துச் சொல்லிச்சு.

லிஃப்ட் இரண்டில் ஒன்று பழுது.
மற்றதை இரண்டு மணித்தியாலத்துக்குக் கேட்டு வாங்கி,
அரிசி மூட்டை, தையல் மெசின்,
அட்டவணை ஒட்டியிருந்த அலுமாரிக் கதவு,
எல்லாம் ஏற்றினோம்.
அந்தக் கதவை ஏன் கொண்டுவந்தோம் என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் இரவு.
நாலு அறை, நாலு கதவு. நாலும் சாத்தியிருந்தது.
பேஸ்மெண்டில் இருட்டிலேயே தெரியும்
யார் புரள்கிறார்கள், யார் ஃபோன் பார்க்கிறார்கள்,
யாருக்குச் சளி கட்டியிருக்கிறது என்று.
இங்கே இரண்டரை மணிக்கு
ஓர் இருமல்.

எழும்பினேன். நடை நீளமாய் இருந்தது.
மகளின் கதவில் காது வைத்தேன். இல்லை.
பையன்கள் இருவரும் பிணம்போல் நித்திரை.
வதனி குறட்டை.
திரும்பிவந்து இவரைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது,
சத்தமில்லை.

மறுபடியும் இருமல்.

பதினேழாம் மாடி.
யாரென்றே தெரியாத ஒருவர்.
நான் கூடத்தின் நடுவில்,
டேப் முடிந்துபோன இடத்தில் நின்று
அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தேன்,
தண்ணீர் குடிக்க எழும்புவாரா என்று.