மூன்று நாள் பால்

கச்சான் ஓய்ந்த கிழமை.
விதைப்புக்கு இன்னும் பத்து நாள்.
அதற்குள் கிளிவெட்டி வயலிலிருந்து
பட்டியைக் கிளப்பிவிட வேண்டும்.
எண்ணினேன். முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன், இம்முறை காசை.
பதினாறு மாட்டுக்குத்தான் மருந்து காணும்.

மூதூரில் கடைக்காரன்
ஊசிதான் திறம் என்றான்.
உண்ணியும் போகும், புழுவும் போகும், ஒரே குத்து.
ஈரல் தட்டைப்புழு போகுமா என்றேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பெட்டி தமிழிலும் இல்லை
சிங்களத்திலும் இல்லை.

டொக்டர் பஸ்மிலா கிண்ணியாவிலிருந்து
ஸ்கூட்டரில் வந்திறங்கினா.
ஹெல்மெட் கழற்றுமுன்னே கேள்வி:
போன வருசம் எந்த மருந்து குடுத்தீங்க?
வெள்ளைப் பால்மருந்து.
அதுக்கு முந்தின வருசம்?
அதே.
அதுக்கும் முந்தி?
நான் வாய் திறக்கவில்லை.
"புழுவுக்கு இப்ப அது தேத்தண்ணி."

ஆளுக்கொரு நிறை சொன்னோம்.
சிவகடாட்சம், என் மனிசன்,
செவலையை நூற்றைம்பது கிலோ என்றார்.
மருந்தை மிச்சம்பிடிக்கும் கண்ணுக்கு
எந்த மாடும் மெலிவுதான்.
முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி
நாடாவை இழுத்தா டொக்டர்.
இருநூற்றுப் பத்து.
"குறைச்சுக் குடுத்தா புழு சாகாது,
பாடம் படிச்சிட்டுப் போயிரும்."

பிறகு ஒவ்வொன்றாய்ப் பிடித்து
கீழிமையை விரித்தோம்.
சுட்டிச்சிக்கு உள்ளே செவ்வரத்தம்பூ.
உனக்கில்லை, போ.
மறையளுக்கு, பலமுறை தோய்த்த ரோஸ் சட்டை.
புள்ளியின் கன்றுக்கு
அவித்த முட்டையின் வெள்ளை.
அதைப் பார்த்ததும் நான் இமையை விட்டுவிட்டேன்.
தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை தொங்கிய கிழட்டுப் பசுவுக்கு
வேறு மருந்து, ஈரலுக்கு;
குளக்கரை நத்தைகளோடு மேய்ந்த கணக்கு அது.
கூளை போன மாதம்தான் காளைக்குப் பிடித்தாள்.
டொக்டர் போத்தலைப் பின்னால் மறைத்தா,
கூளை பறித்துக் குடித்துவிடுவாள் என்பதுபோல.
"இதைக் குடுத்தா உள்ளுக்கிருக்கிறது தங்காது."

கடைசியில் பதினான்கு.
மிச்சக் காசுக்கு இன்னும் ரெண்டுக்கு ஊத்துவம் என்றார் இவர்.
"வேணாம்.
கொஞ்சப் புழு மருந்தையே காணாமக் கிடக்கட்டும்.
எல்லாத்தையும் அடிச்சா
தப்பினதுதான் குட்டி போடும்.
அதுக்கு எந்தக் கடையிலயும் மருந்தில்ல."
புழுவுக்காகப் பேசும் வைத்தியரை
இவர் அன்றைக்குத்தான் கண்டார்.
வெற்றிலையைத் துப்பிவிட்டுக்
கொம்பைப் பிடிக்கப் போனார்.

சாராயப் போத்தல், கழுத்துக்குச் சைக்கிள் டியூப்.
கடைவாயில் பெருவிரல்.
தலையை வானத்துக்குத் தூக்காதே,
மருந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.
ஒரு மடக்கு. பொறு. நாக்கு அசையட்டும்.
ஒரு மடக்கு.
செவலை பாதியை என் சட்டையில் துப்பினாள்.
பாதியா, காலா?
அதை அளக்க நாடா இல்லை.

அடுத்த நாள் விடிய
கேன் குலுங்க நியாஸ்தீன் வந்தான்.
சுட்டிச்சியின் மூன்று லீற்றரை ஊற்றினேன்.
இவ்வளவுதானா?
மருந்து குடுத்திருக்கு. மூன்று நாளைக்கு இவ்வளவுதான்.
"ஆருக்கக்கா தெரியப்போகுது?
எல்லாரும் ஊத்துறாங்கதானே."
அவன் வீட்டுத் தேத்தண்ணியும்
இந்தக் கேனிலிருந்துதான்.
அதைச் சொல்லவில்லை. மூடியை இறுக்கிக் கொடுத்தேன்.
வேலியோரம் இவர்
விரல் மடக்கி நட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஒரு கை போதாமல்.

கன்றுகளை அவிழ்த்துவிட்டேன்.
முட்டி முட்டிக் குடித்தன,
வால் ஒரு பக்கம், நுரை ஒரு பக்கம்.
புள்ளியின் கன்று மட்டும்
நடுவில் வாயை எடுத்துத்
திரும்பி என் கையைப் பார்த்தது.
கையில் கயிறு இல்லை.
இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு
மறுபடி காம்பைத் தேடியது.