இருக்கை உயரம்

வெள்ளி மாலை, முசஃபா.
ஷம்சுல் கடை வாசலில்
முப்பது பழைய சைக்கிள்கள்
ஒரே சங்கிலியில் நிற்கின்றன.

கிஸ்லியே, எதற்கு, என்கிறான்.
எவ்வளவு என்று கேட்க வந்தவன் நான்.
எதற்கென்று இதுவரை
விசா கொடுத்தவன்கூடக் கேட்டதில்லை.

முதலில் ஒல்லி டயர் ரேஸ் வண்டி.
ஒற்றைக் கையில் தூக்கினேன், வந்துவிட்டது.
கார்னிஷில் விடிகாலையில் ஹெல்மெட்காரர்கள்
இதில்தான் பறக்கிறார்கள்,
கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர.
எனக்குப் போக இடமிருக்கிறது:
ஆறு கிலோமீட்டரில் இரும்பு யார்டு.
கடைசி ஒன்று வெறும் மணல்.
ஊசி மாதிரி இறங்கிவிடும் இது.

அடுத்தது இருபத்தொரு கியர்,
முன்னால் ஸ்பிரிங், மலையேறும் வண்டி.
இங்கே மலை என்றால் ஒரு பாலம்,
மற்றதெல்லாம் வேகத்தடை.
எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான்.
பார்த்திருக்கிறேன்,
கியரில் மணல் கடிக்க
எல்லாரும் தள்ளிக்கொண்டு போவதை.

மடிக்கிற வண்டி கட்டிலுக்கடியில் போகுமாம்.
அங்கே ஊருக்குக் கட்டிய பெட்டி
போன வருஷமே படுத்துவிட்டது.

சரி, யார் ஓட்டுவது?
அப்போதுதான் சொன்னேன்.
பகல் நான். இரவு செலஸ்டின்.
காசும் பாதிப் பாதி.
சாயங்காலம் அவன் ஓட்டி வந்து
கேட்டில் இறங்குவான், நான் ஏறுவேன்.
காலையில் நான் இறங்குவேன், அவன் ஏறுவான்.
வண்டி ஒரு நடையும் காலியாகப் போகாது.
நாங்கள் சேர்ந்து போனதில்லை, அவ்வளவுதான்.
அவன் என்னைவிட ஒரு சாண் உயரம்.

ஷம்சுல் சங்கிலியை உருவினான்.
பின்வரிசையிலிருந்து
கியரில்லாத, தடித்த டயர், பச்சை வண்டி.
சோற்று டப்பாவும் தண்ணீர்க் கேனும் தாங்கும் கேரியர்.
இருக்கைக்குக் கீழே சின்னதாக ஒரு நெம்பு:
ஸ்பேனர் வேண்டாம், விரல் போதும்.
மேலே, கீழே, மேலே.
ஏழெட்டுத் தடவை செய்து காட்டினான்.
நூற்றெழுபது திர்ஹாம்.
பேரம் பேச மறந்துவிட்டேன்.

இரும்பில் குறிபோடும் வெள்ளை மார்க்கரால்
இருக்கைத் தண்டில் இரண்டு கோடு போட்டோம்,
அவனுக்கொன்று, எனக்கொன்று.
முதல் வாரம் அவரவர் வந்து மாற்றிக்கொண்டோம்.
ஆகஸ்டில் அந்த நெம்பைத் தொட
துணி வேண்டும்.
ஒருநாள் கேட்டில் வண்டியை வாங்கும்போது
இருக்கை என் கோட்டில் இருந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
பஞ்ச் அடிக்க ஓடிவிட்டான்.

மறுநாள் காலை
நானும் அவன் கோட்டுக்கு ஏற்றிவிட்டே
சாவியைக் கொடுத்தேன்.

பெல் மட்டும் இன்னும் இல்லை.
பத்து திர்ஹாம்.
யார் போடுவது என்பதில்
தகராறு நடக்கிறது,
தினம் இரண்டு நிமிஷம்.