ஈரக் கழிவு

ஒரு படிவத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டேப்பைக் கையில் கொடுத்தவன் சொன்னான்:
வருமானத்தை முதலில் கேட்காதே, கதவைச் சாத்துவார்கள்.
கட்சியை முதலில் கேட்காதே, சிரிப்பார்கள்.
தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று ஆரம்பி.

தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?
வருது, கூரை வழியா
என்றார் கட்டபெட்டு லைன் வீட்டு சிவநாயகி.

வருமானத்துக்கு ஐந்து கட்டம்.
கட்சிக்கு அ, ஆ, இ.
பயிற்சி நாளில் சென்னையிலிருந்து ஒருவர்
திரையில் கோடு போட்டுக் காட்டினார்.
அமெரிக்காவில் ஒரு மாநிலமாம்,
சம்பளம் ஏற ஏற ஓட்டு ஒரு பக்கம் சாய்கிறது.
பக்கத்து மாநிலத்தில் அதே கோடு
படுத்துக்கொள்கிறது.
ஏன் என்று சொல்ல வாயெடுத்தார்.
மேகம் வந்து டவரை மூடியது.
வாய் திறந்தபடியே நின்றார்,
நாங்கள் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றோம்.

சிவநாயகிக்கு முதல் கட்டம். ஓட்டு ஆ.
ஏன் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை,
அவராகவே சொன்னார்:
மண்டபம் கேம்ப்புல எங்கம்மாவுக்குப் போர்வை குடுத்தவரு
அந்தக் கரை வேட்டிதான் கட்டியிருந்தாராம்.

மேலே பங்களாவில் குருவில்லா சார்.
ஓய்வுபெற்ற பிளாண்டர், மூன்று நாய், ஐந்தாம் கட்டம்.
அவருக்கும் ஆ.
வரி, என்றார். ஒரே சொல்.
நாய்களில் ஒன்று என் ஷூவை மோந்துவிட்டு
அக்கறையில்லாமல் போனது.

ஹட்டியில் ஹாலனும் பெள்ளனும் அண்ணன் தம்பி.
தலா ஒன்றரை ஏக்கர், ஒரே ஃபாக்டரி,
கிலோவுக்கு ஒரே விலை, ஒரே கடன் சங்கம்.
அண்ணன் அ, தம்பி இ.
நடுவில் ஒரு வேலி,
அதில் காட்டெருமை புகுந்த ஓட்டை.
அதை யார் அடைப்பது என்பதில்தான் தொடங்கியது என்றார்
பெள்ளனின் மனைவி கெப்பி.
அவர் யாருக்கு என்று கேட்டேன்.
பூத்துக்குள்ள நான் தனியாத்தானே போறேன்,
என்று பீன்ஸ் உடைத்தார்.
சொல்ல விரும்பவில்லை என்ற கட்டத்தைத் தொட்டேன்.
டேப் அதற்குப் பச்சை விளக்கு காட்டவில்லை.
மூன்று முறை தொட்டேன்.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் போன்:
ஏழாம் படிவம் ஒட்டலையே, தம்பி.
முதல் கட்டத்துக்காரங்க ஆ போடமாட்டாங்க.
போய்ச் சரிபார்த்துட்டு வா.

போனேன். தேயிலை எடை போடும் கொட்டகை,
மூட்டைகளின் வரிசை,
தராசைச் சுற்றி மஞ்சள் ரெயின்கோட்டுகள்.
சிவநாயகியின் மூட்டை இருபத்தாறு கிலோ.
கணக்கர் இருபத்துமூன்று என்று எழுதினார்.
மிச்ச மூணு?
ஈரக் கழிவு, என்றார் தலை நிமிராமல்.
மழ பேஞ்சா நாங்களா பொறுப்பு
என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கேட்டேன், மறுபடி, முதல் கேள்வியிலிருந்து.
காலைல கேட்டப்ப எடை போடலையே தம்பி,
இப்ப போட்டாச்சு, என்றார்.
வருமானத்தை மாத்தி எழுதிக்குங்க.
கட்சியை?
அதுக்கு யாரும் ஈரம் கழிக்க முடியாது,
ஆன்னே இருக்கட்டும்.

தலையில் கட்டிய சாக்கை அவிழ்த்தபடி
என்னைப் பார்த்தார்.
உங்களுக்கு ஒண்ணுக்கு எவ்வளவு குடுக்கறாங்க?
சொன்னேன்.
இன்னைக்கு எத்தனை?
பதினொன்று. ஏழாவதைத் தள்ளிவிட்டால் பத்து.
உதட்டுக்குள் பெருக்கினார், பஸ் சார்ஜைக் கழித்தார்.
அப்ப நீங்களும் நம்ம கட்டம்தான், என்றார்,
எந்த எழுத்து?

ஆறு மணி கடைசி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.
டேப்பில் சார்ஜ் நாலு சதவீதம்.
நான் பனிக்குள் ஓடினேன்,
பதில் சொல்லாமல்,
ஏழாம் படிவத்தை
அவர் சொன்னபடியே அனுப்பிவிட்டு.