வலப்பக்கக் கோடுகள்

எங்கள் பேச்சில் பெப்ரே என்றால் மிளகு.
பிறந்த அன்று அப்படித்தான் இருந்தான்,
நனைந்த மிளகு நிறத்தில், உப்புச் சேற்றில்
நான்கு கால்களையும் நான்கு திசைக்கு அனுப்பிவிட்டு
எதை முதலில் திரும்ப அழைப்பதென்று தெரியாமல்.

கமார்க் குதிரைகள் கறுப்பாய்ப் பிறந்து வெளுப்பவை.
ஐந்து வயதில் சாம்பல். எட்டில் கடல் நுரை.
பெயரை மாற்றேன் என்றார்கள்.
உள்ளே எங்காவது மிளகு இருக்கும் என்று சிரித்தேன்.

இருந்தது.
வாலுக்கடியில் முதலில் ஒன்று,
பிறகு ஒரு கொத்து.
மதாம் கெரூயெல் கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:
வெள்ளைக் குதிரைக்கு வருவதுதான்,
வெளியே தெரிவது கொஞ்சம்,
குடலைச் சுற்றி அடைத்துக்கொண்டு வருகிறது.
அறுக்க முடியாது.
நல்ல நாள், கெட்ட நாள் எண்ணுங்கள்.
கெட்டது மிஞ்சினால் கூப்பிடுங்கள்.
நெல் வயல் ஓரமாக அவள் கார் போய் மறைந்தது.

லாயக் கதவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.
இடப்பக்கம் நல்ல நாள். வலப்பக்கம் மற்றது.
அண்ணன் ஃபுல்க்ரான் பார்த்தான்.
"இருபத்திரண்டு வயது. குதிரைதானே, ரொஸ்லீன்."
காளைகளை ஓட்டப் போய்விட்டான்.

கொசுக்காலம்.
வாய் திறந்து பேசினால் நாலைந்து உள்ளே போகும்
எங்கள் சதுப்பில்.
கட்டிகளின் கனத்தில் அவனால் வாலைத் தூக்க முடியவில்லை.
தோலை மட்டும் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.
நாணல் கட்டோடு பின்னால் போய் நின்றேன்.
வீசினேன், தட்டினேன், இடம், வலம்,
இருட்டும்வரை அவன் வாலாக இருந்தேன்.
எனக்கு அவன் பதினெட்டு வருடம் காலாக இருந்தவன்.

ஓட்ஸை மோந்துவிட்டு விலகிய நாள், வலப்பக்கம்.
படுத்தவன் எழ மூன்று முறை முயன்ற நாள், வலப்பக்கம்.
ராத்திரி விளக்கில்லாமல் போய்
முழங்கையால் ஒன்றை அழித்தேன்.
மறுவாரம் இன்னொன்று.
அன்று ஒரு காரட் தின்றானே,
காரட் தின்ற நாளை எந்த வாயால் கெட்ட நாள் என்பது?

மிஸ்த்ரால் காற்று மூன்று நாள் அடித்து ஓய்ந்த காலை
எண்ணிப் பார்த்தேன்.
அவள் வந்துபோய் நாற்பத்தாறு நாள்.
இடப்பக்கம் இருபத்திரண்டு. வலப்பக்கம் பதினைந்து.
விரல் வைத்து மறுபடி எண்ணினேன்.
முப்பத்தேழுதான் வந்தது.
நான் அழித்தது நான்கு.

பட்டியின் படலை ஃபுல்க்ரான் கட்டிக்கொண்டிருந்தான்.
கோட்டின் வலது கையில்
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளைத் தூள்.
நான் பார்ப்பதைப் பார்த்தான்.
"உப்பு" என்றான்.
"உப்புதான்" என்றேன்.

அன்றைக்கே ஃபோன் செய்ததும் அவன்தான்.

வியாழன் காலை
கயிறில்லாமல் குளத்தோரம் விட்டோம்.
முட்டியளவு தண்ணீரில் நின்று
யாரும் கேட்காமலே
இரண்டு வாய் இளநாணல் தின்றான்.
ஃபுல்க்ரான் என் பக்கம் திரும்பினான்.
நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மதாம் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
அவன் கழுத்து என் தோள்மேல்.
கனம்.
பிறகு, தாங்க முடியாத கனம்.

புதைக்கச் சட்டம் இடம் தராது.
மூன்று மணிக்கு லாரி வந்தது.
ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி
மாட்டிக்கொண்டு ரசீது கொடுத்தான்.
அதில் எடை இருந்தது.
நிறம்: வெள்ளை.

சாயங்காலம் இருவரும் கதவருகே போனோம்.
நாணல் தின்ற நாள்.
எந்தப் பக்கம் போடுவது?
ஃபுல்க்ரான் சுண்ணக்கட்டியை எடுத்து
வெகுநேரம் கையை உயர்த்தியபடி நின்றான்.
பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
கொசு மொய்க்கத் தொடங்கியிருந்தது.