ஐந்து எழுத்து

முளைவிட்ட நெல்லைப் படம்பிடித்துப் போட்டேன்.
கொள்முதல் நிலைய வாசலில்
பதினோரு நாள் நனைந்த நெல்.
"பாக்கியமேரி, மூட்டைக்கு நாற்பது வை"
என்ற குரலும் அதில் இருந்தது.
விடிவதற்குள் நீக்கிவிட்டீர்கள்.
நெறிகளுக்குப் புறம்பாம்.
எந்த நெறி?

அன்று மதியமே கைப்பேசியில்
நகைக்கடன் விளம்பரம்.
அடகுக்கடை வரை போய் நான் திரும்பியதை
வீட்டில்கூடச் சொல்லவில்லையே,
உங்களுக்கு யார் சொன்னது?

முள்ளியாற்று மதகில் பலகை இறக்கினால்
லஸ்கர் வைத்தியலிங்கம் நோட்டில் எழுதுவார்:
நாள், மணி, எத்தனை அடி, யார் உத்தரவு.
தண்ணி வராத அன்று போய்ச் சண்டைபிடிக்க
ஒரு கையெழுத்தாவது இருக்கும்.
என் வாயில் இறக்கிய பலகைக்கு
நோட்டு எங்கே?

உங்கள் முறையீட்டுப் பெட்டியில் இன்னும்
ஐந்தே எழுத்துக்கு இடமாம்.

பாக்கியமே