வால் பக்கம் எண்ணுதல்

புலவாயோவில் மழை தொடங்காத நவம்பர்.
கல்லறைக் குழி வெட்டும் மலுசி
தீப்பெட்டியைத் திறந்து வைத்தான் என் மேசையில்:
"மண்புழு என்றுதான் நினைத்தேன், மேடம்.
நாக்கை நீட்டியது."

அதற்குள் மண்வெட்டி இறங்கிவிட்டது.

நூல்பாம்பு.
ஷூ நாடாவில் பாதித் தடிமன்.
கண் உண்டு, செதிலுக்கு அடியில்,
பகலா என்று மட்டும் கேட்டுக்கொள்ள.
மேல்தாடையில் பல் கிடையாது;
கீழ்த்தாடையின் இரு பாதியும் துடுப்புப் போட்டு
எறும்புக் குஞ்சுகளை உள்ளே வாரும்.
நுரையீரல் ஒன்றே ஒன்று.
இல்லாத கால்களுக்கு
இடுப்பெலும்பில் கொஞ்சம் மிச்சம்.

பெயர் வேண்டுமென்றால் எண்ண வேண்டும்.
உடம்பைச் சுற்றிச் செதில் பதினான்கு வரிசை. சரி.
வாலைச் சுற்றிப் பத்தா, பன்னிரண்டா?
பத்தென்றால் ஒரு பேரினம்,
பன்னிரண்டென்றால் வேறு ஜாடி, வேறு அலமாரி.
நுண்ணோக்கியில் குனிந்தேன்.
ஏழு, எட்டு, ஒன்பது,

மின்சாரம் போயிற்று.

இனி இரவுதான் வரும்.
பின்னால் அலமாரியில் ஐம்பத்தெட்டாம் வருட ஜாடி,
லேபிளில் மூன்று பெயர்,
இரண்டு அடிக்கப்பட்டவை.
உள்ளே இருப்பது
ஒன்றுக்கும் தலை திருப்பியதில்லை.

மலுசி கைப்பேசி விளக்கைப் பிடித்தான்.
வெட்டுப்பட்ட இடத்தில்
நீள அரிசி மூன்று,
ஒன்றோடொன்று இழையால் கோத்தபடி.

"முட்டையா?"

"முட்டை."

வெளிச்சம் ஆடியது.
"ஒருவருக்கு இடம் வெட்டப் போனேன்.
குடியிருப்பவளைக் கேட்கவில்லை."

கையை ஆட்டாதே என்றேன்.
மறுபடி
ஒன்றிலிருந்து.